அக்ராவில் முதல் கிறிஸ்துமஸ்: 25ஆம் தேதி மத்தியானத்துக்குத்தான் திட்டம் வேண்டும்

கானாவின் தலைநகர் அக்ராவில் வேலை கிடைத்து நவம்பர் கடைசியில் கிளம்புகிறீர்கள், முதல் வருடம் என்பதால் டிசம்பரில் லீவு கிடையாது, வீட்டை விட்டுத் தனியாக வரும் முதல் கிறிஸ்துமஸ், அங்கே எப்படி இருக்கும், அந்த நாட்களை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தரங்கம்பாடிப் பக்கத்துக்காரன், லுத்தரன் சபை. அக்ராவுக்குக் கிழக்கே இருக்கும் தேமா துறைமுக நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் இருந்தேன். அந்த ஊர்க் கிறிஸ்துமஸ் எனக்கு நன்றாகத் தெரியும், ரொம்பப் பிடிக்கவும் செய்யும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

24ஆம் தேதி ராத்திரியை நினைத்துத்தான் எல்லாரும் கலங்குவார்கள். அதற்குக் கலங்க வேண்டியதில்லை. 2021 கணக்கெடுப்பின்படி கானா மக்களில் 71 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள், அக்ராவில் அன்று ராத்திரி எந்தப் பக்கம் நடந்தாலும் ஏதாவது ஒரு சர்ச்சிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்கும், உள்ளே போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பாட்டுப் புத்தகத்தை உங்கள் பக்கம் நீட்டுவார், அவ்வளவுதான். நீங்கள் திட்டம் போட வேண்டியது மறுநாள் மத்தியானத்துக்கு. 25ஆம் தேதி ஒரு மணியிலிருந்து ராத்திரி படுக்கப் போகும் வரை இருக்கிற அந்த நேரம்தான் புதிதாக வந்தவர்களை உடைத்துப்போடுகிறது. கூட வேலை பார்த்த எத்தனையோ பையன்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் மத்தியானம் என்றால், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கானா நேரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நம்மூரில் நள்ளிரவுப் பூசை நடக்கும்போது அக்ராவில் சாயங்காலம் ஆறரை, அப்போதுதான் இருட்டியிருக்கும். நம்மூரில் விடிகாலை 4 மணி ஆராதனைக்கு மணி அடிக்கும்போது அங்கே 24 ராத்திரி பத்தரை. வீட்டில் ஒரு மணிக்கு எல்லாரும் பிரியாணிக்கு உட்காரும்போது உங்களுக்குக் காலை ஏழரை, நீங்கள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆக வீட்டுக் கிறிஸ்துமஸ் முழுக்க உங்கள் மத்தியானத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும். நீங்கள் சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட உட்காரும்போது ஊரில் விருந்தாளிகள் கிளம்பிப் போயிருப்பார்கள், அம்மா பாத்திரம் கழுவி முடித்து அலுப்பாக இருப்பார், சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்கள் பேச நினைக்கும்போது அவர்களுக்கு ராத்திரி பதினொன்றரை. போன் அடங்கிவிடும்.

அதே நேரத்தில் நகரமும் அடங்கிவிடுகிறது. அக்ராவில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் வேறு, கிறிஸ்துமஸுக்கு அங்கே போவதுதான் வழக்கம், 22, 23 தேதிகளில் சர்க்கிள், கனேஷி பஸ் நிலையங்களில் கோழிக்கூடையும் அரிசி மூட்டையுமாகக் கூட்டம் நிற்கும். 25 அன்று கடைகள் மூடியிருக்கும், ட்ரோட்ரோ என்று அவர்கள் சொல்லும் மினிபஸ்கள் குறைந்துவிடும், கம்பெனி குவார்ட்டர்ஸில் சமையல்காரர் இருக்கமாட்டார். 26ஆம் தேதியும் அரசு விடுமுறை. இந்த இரண்டு நாட்களையும் அறைக்குள் போனோடு உட்கார்ந்து கழித்தால் அது உங்களை வாட்டிவிடும்.

அதனால் என் முதல் யோசனை, 25 மத்தியானம் ஒரு கானாக்காரர் வீட்டில் சாப்பிடுவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற இந்தியர்களோடு சேர்ந்து நம்மூர்க் கிறிஸ்துமஸை அப்படியே அறைக்குள் நடத்திப் பார்க்கலாம் என்று தோன்றும். ஸ்டார் கட்டுங்கள், குடில் வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்க அதிலேயே இருந்தால் என்னென்ன இல்லை என்பதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள், அம்மாவின் அதிரசம் இல்லை, பக்கத்து வீட்டுத் தட்டு இல்லை, கேரல் ரவுண்ட்ஸ் இல்லை என்று. வெளியே ஒரு முழு நகரம் உண்மையாகவே கிறிஸ்துமஸ் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது அறைக்குள் நகல் எதற்கு?

அழைப்பு கிடைப்பது கஷ்டமா என்று கேட்பீர்கள். கஷ்டமில்லை, ஆனால் வாயைத் திறக்க வேண்டும். கானாவில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் அந்தப் பக்கம் போனால் "வாங்க, சாப்பிடுங்க" என்று கட்டாயம் சொல்வார், நம்மூர் மாதிரியேதான். டிசம்பர் முதல் வாரத்திலேயே கூட வேலை பார்ப்பவர்களிடம், "கிறிஸ்துமஸுக்கு நான் தனியாகத்தான் இருக்கிறேன், நீங்கள் அக்ராவிலா, ஊருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். ஊருக்குப் போகாதவர்களில் ஒருவராவது அந்த இடத்திலேயே கூப்பிடுவார். ஸ்டோர் கீப்பர், கிரேன் ஓட்டுபவர், கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மா, யாராக இருந்தாலும் சரி. மேனேஜர் வீட்டு விருந்தைவிட இவர்கள் வீடுதான் உங்களுக்கு நல்லது, அங்கே பிள்ளைகள் இருப்பார்கள், பாட்டி இருப்பார், சத்தம் இருக்கும்.

வீட்டுக்குள் போகும் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நீங்கள்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், கை குலுக்கும்போது வலது பக்கக் கடைசியில் இருப்பவரிடம் ஆரம்பித்து இடப்பக்கமாக வரிசையாகப் போக வேண்டும், யாரையும் தாண்டிப் போகக்கூடாது. பிறகு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்து முடித்த பிறகு வீட்டுப் பெரியவர் வந்த விஷயம் என்ன என்று கேட்பார். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், கூப்பிட்டதே அவர் மகன்தான், ஆனாலும் கேட்பார், அது முறை. "கெட்ட செய்தி ஒன்றும் இல்லை, கிறிஸ்துமஸுக்கு உங்கள் குடும்பத்தைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல வந்தேன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் அந்த வீட்டு ஆள். எதைக் கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால்தான், இது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாழ்த்து 'அஃபெஷ்யா பா', கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் அதுவே போதும். உங்களிடம் யாராவது சொன்னால் 'அஃபே ன்கோ மெத்தோ யென்' என்று பதில் சொல்லுங்கள், பாட்டிகள் முகம் மலர்ந்துவிடும்.

சாப்பாடு. வாச்சே, கெங்கே, பாங்கு, ஃபூஃபூ என்று கானாவின் அன்றாடச் சாப்பாடு ஒரு பெரிய உலகம், அதற்கு உங்களுக்கு வருடம் முழுக்க நேரம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் என்றால் சோறும் கோழியும். பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நெல்லுச்சோறும் கோழியும் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் என்பார்கள், நம் தாத்தாக்கள் தீபாவளிக்கு மட்டும் இட்லியைப் பார்த்தது மாதிரி. மற்ற நாட்களில் மக்காச்சோளமும் மரவள்ளியும் சேனையும் வாழையும்தான். அதனால் இன்று தினமும் அரிசி சாப்பிடுகிற வீட்டில்கூட 25 அன்று தக்காளிக் குழம்போடு சோறும் பொரித்த கோழியும், அல்லது ஜோலோஃப் சோறும் வந்தே தீரும். தக்காளி, வெங்காயம், இஞ்சி, மிளகாய் எல்லாம் எண்ணெயில் நன்றாக வதங்கி, கறித் தண்ணீரில் அரிசி வெந்து அடிப்பிடிக்கும் கட்டத்தில் இறக்கப்படுவதுதான் ஜோலோஃப், அந்த அடிப்பிடித்த ஓரத்துக்கு வீட்டுப் பிள்ளைகளிடம் போட்டி இருக்கும். ஆட்டுக்கறி போட்ட லைட் சூப்பில், மரவள்ளியும் வாழைக்காயும் இடித்துப் பிசைந்த ஃபூஃபூவும் பல வீடுகளில் உண்டு. ஃபூஃபூவைக் கையால் கிள்ளி, சூப்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். முதல் தடவை தொண்டை யோசிக்கும், பிறகு பழகிவிடும். காரத்துக்கு நீங்கள் பயப்படவே வேண்டாம், கருவாடும் இறாலும் மிளகாயும் எண்ணெயில் கருக வதக்கிய ஷிட்டோ என்று ஒன்று வைத்திருப்பார்கள், நாகப்பட்டினத்து நாக்குக்கு அது பழைய உறவு.

குடிக்க செம்பருத்தி வகைப் பூவில் இஞ்சி போட்டுக் காய்ச்சிய சோபோலோ, அப்புறம் மால்ட் என்ற மது சேராத பான பாட்டில்கள். நொறுக்குத்தீனிக்கு மைதாவைப் பிசைந்து துண்டு போட்டு எண்ணெயில் பொரித்த அச்சோமோ. இதை டின் டின்னாகச் செய்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். இங்கேதான் நீங்கள் முறுக்கோடு நுழைய வேண்டும். முறுக்கு அச்சு ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள், மற்றதெல்லாம் அங்கேயே கிடைக்கும். அக்ராவின் ஓசு பகுதியிலும் தேமாவிலும் இந்தியச் சாமான்கள் விற்கும் கடைகள் உண்டு. 23, 24 தேதிகளில் ஒரு டின் முறுக்கு சுற்றி, போகிற வீட்டுக்குப் பாதி, குவார்ட்டர்ஸ் வாட்ச்மேனுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் மீதி என்று கொடுத்துப் பாருங்கள். வெறும் கையோடு போனாலும் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், ஆனாலும் நம் கைப்பட ஒன்று செய்து கொண்டுபோகும்போது விருந்தாளியாக மட்டும் இல்லாமல் பண்டிகையில் பங்குள்ளவராகப் போகிறோம். பிரியாணி செய்யத் தெரிந்தால் இன்னும் நல்லது, ஜோலோஃப் சமைப்பவர்களிடம் பிரியாணியைக் கொண்டுபோனால் பேச்சு சாயங்காலம் வரை போகும்.

சர்ச் விஷயத்துக்கு வருகிறேன். கத்தோலிக்கர் என்றால் அடப்ராக்காவில் பரிசுத்த ஆவி கதீட்ரல் இருக்கிறது. சி.எஸ்.ஐ. பழக்கம் என்றால் ஹை ஸ்ட்ரீட்டில் 1894இல் கட்டிய ஹோலி டிரினிட்டி ஆங்கிலிக்கன் கதீட்ரலுக்குப் போங்கள், ஜெபப் புத்தகமும் பாட்டும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவையாகவே இருக்கும். பெந்தெகொஸ்தே சபைகளுக்குக் கணக்கே இல்லை. பல சபைகளில் ஆங்கிலம், ட்வி, கா என்று மொழிக்கு ஒரு ஆராதனை தனித்தனி நேரத்தில் நடக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 24 ராத்திரி ஆங்கில ஆராதனைக்குப் போங்கள், 25 காலையில் முடிந்தால் ட்வி ஆராதனைக்குப் போங்கள் என்பேன். ஒரு வார்த்தை புரியாது, ஆனால் காணிக்கை நேரம் வரும்போது மொழி தேவைப்படாது.

அந்தக் காணிக்கையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம்மூரில் காணிக்கைப் பை வரிசை வரிசையாகக் கை மாறி வரும், நாம் உட்கார்ந்த இடத்திலேயே போடுவோம். அங்கே பெட்டி முன்னால் இருக்கும், ஜனங்கள்தான் பெட்டிக்குப் போக வேண்டும், சும்மா நடந்து போகமாட்டார்கள், ஆடிக்கொண்டே போவார்கள். டிரம்ஸும் பித்தளை வாத்தியங்களும் ஆரம்பிக்கும், வரிசை வரிசையாக எழுந்து வெள்ளைக் கைக்குட்டையைத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு, காலை மெதுவாக இழுத்து இழுத்து வைத்து, எண்பது வயதுப் பாட்டியும் கோட் போட்ட வங்கி அதிகாரியும் ஒரே தாளத்தில் போவார்கள். சில நாட்களில் பிறந்த கிழமைப்படி கூப்பிடுவார்கள், ஞாயிறு பிறந்தவர்கள், திங்கள் பிறந்தவர்கள் என்று, எந்தக் கிழமைக்காரர்கள் அதிகம் போட்டார்கள் என்று கடைசியில் அறிவிக்கும்போது சர்ச்சே அதிரும். கானாவில் பலருக்குப் பிறந்த கிழமைதான் முதல் பெயர், சனிக்கிழமை பிறந்த ஆண் குவாமே, வெள்ளிக்கிழமை பிறந்தவர் கோஃபி. கானாவின் முதல் ஜனாதிபதி குவாமே நிக்ருமா, ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். நீங்கள் பிறந்த கிழமை என்ன என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், அங்கே இறங்கிய முதல் வாரத்திலேயே யாராவது கேட்பார்கள். என்னைக் கோஃபி என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆடத் தெரியாதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். எழுந்து வரிசையில் நில்லுங்கள், முன்னால் போகிறவர் எப்படிக் கால் வைக்கிறாரோ அப்படி வையுங்கள். வீட்டு ஞாபகத்தில் நெஞ்சு அடைத்துக்கொண்டு இருக்கும் அந்தக் காலை நேரத்தில் இதைப்போல ஆறுதலான ஒன்று எனக்குத் தெரியாது.

நீங்கள் தஞ்சாவூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். 26ஆம் தேதி காலையில் ஓசுவுக்குப் போய்க் கடலோரக் கோட்டையை வெளியிலிருந்தாவது பாருங்கள். கிறிஸ்டியன்ஸ்போர்க் என்று பெயர், டென்மார்க்காரர்கள் 1660களில் கட்ட ஆரம்பித்தது. தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை 1620இல் எழுந்தது, தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி. இரண்டும் ஒரே ராஜாவின் கொடியின் கீழ் இருந்த கோட்டைகள், இரண்டையும் டென்மார்க் ஆங்கிலேயருக்கே விற்றது, தரங்கம்பாடியை 1845இல், கிறிஸ்டியன்ஸ்போர்க்கை 1850இல். நம் பக்கத்துக் கோட்டையில் துணி வாங்கி ஏற்றினார்கள். ஓசுவில் மனிதர்களை வாங்கி ஏற்றினார்கள். இந்தியப் பருத்தித் துணி அந்தக் கரையில் அடிமை வியாபாரத்துக்குக் கொடுக்கப்பட்ட முக்கியமான சரக்குகளில் ஒன்று, அதனால் இந்த இரண்டு கதைகளையும் பிரித்து வைக்க முடியாது. டென்மார்க் அந்த வியாபாரத்தைத் தடுக்கும் சட்டத்தை 1792இல் போட்டு 1803இல்தான் அமலுக்குக் கொண்டுவந்தது. சின்ன வயதிலிருந்து டேன்ஸ்போர்க் மதிலில் விளையாடிய எனக்கு ஓசு மதிலின் முன் நின்றபோது அந்தக் கரையோடு நமக்கு இருக்கும் பழைய கணக்கு புரிந்தது, அந்த ஜனங்கள்மேல் மரியாதை கூடியது.

அதே ஓசுவில்தான் 1828இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்திலிருந்து இயங்கிய பாசல் மிஷன்காரர்கள் வந்து இறங்கினார்கள். நம் நீலகிரி கேத்தியிலும் மங்களூரிலும் வேலை செய்த அதே பாசல் மிஷன். முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலில் மாண்டுபோனார்கள். 1843இல் ஜமைக்காவிலிருந்து கறுப்பினக் கிறிஸ்தவக் குடும்பங்களை அழைத்து வந்த பிறகுதான் சபை வேர் பிடித்தது. இன்றைய கானா பிரெஸ்பிட்டீரியன் சபை அதன் தொடர்ச்சி. ஓசுவில் பழைய மிஷன் குடியிருப்பு இருந்த பகுதியை இன்றும் சேலம் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே அருகிலுள்ள பிரெஸ்பிட்டீரியன் ஆராதனைக்குப் போனால் லுத்தரன்காரர்களுக்குப் பல ராகங்கள் தெரிந்தவையாகவே இருக்கும், ஜெர்மன் மொழி மிஷன் பாட்டுகள் இரண்டு கரைக்கும் போனவைதானே.

முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் அவர்களை விட்டுவிடாதீர்கள். கானாவில் ஐந்தில் ஒருவர் முஸ்லிம், அக்ராவில் நிமா, மடினா பகுதிகளில் அதிகம். அந்த நாட்டின் தலைமை இமாம் ஷேக் ஒஸ்மான் ஷருபுட்டு 2019இல், தன் நூறாவது வயதில், அக்ராவில் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் ஈஸ்டர் பூசைக்கு வந்து உட்கார்ந்தார். மேலே இருப்பவர்கள் மட்டும் அப்படி இல்லை, தெருவிலும் அதே பழக்கம்தான், ஒரே குடும்பத்தில் இரண்டு மதத்தவரும் இருப்பார்கள், பண்டிகைச் சாப்பாடு இரண்டு பக்கமும் போகும்.

பணம். டிசம்பர் 10 தாண்டியதும் உங்களைச் சுற்றியிருக்கும் எல்லாரும், வாட்ச்மேன், ஓட்டுநர், குப்பை எடுப்பவர், கேட்டைத் திறந்துவிடும் பையன் எல்லாரும், "பாஸ், என் கிறிஸ்துமஸ் எங்கே?" என்று கேட்பார்கள். புதிதாகப் போகும் நம்மவர்கள் சிலர் இதைப் பிச்சை கேட்பதாக எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்புவார்கள், அது ரொம்பத் தவறு. நம்மூர் தீபாவளி இனாம் என்னவோ அதுதான் இது. கம்பெனிகளே ஊழியர்களுக்கு அரிசி மூட்டை, எண்ணெய், கோழி என்று கொடுப்பது அங்கே வழக்கம். நீங்கள் தினமும் பார்க்கும் நாலைந்து பேருக்கு ஐந்து கிலோ அரிசிப் பையும் ஒரு எண்ணெய் பாட்டிலும் வாங்கிக் கொடுங்கள், கையில் பணமாகக் கொடுப்பதைவிட அது மரியாதை. 20ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் அவர்கள் ஊருக்கு எடுத்துப்போக முடியும். சில்லறைப் பணமெல்லாம் அங்கே செல்போனில்தான், மொபைல் மணி என்பதைச் சுருக்கி மோமோ என்பார்கள், ரோட்டோரக் கடைவரை அதுதான் ஓடுகிறது. முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேட்டு அதற்கான பதிவை முடித்துக்கொள்ளுங்கள்.

விலைகளும் டிசம்பரில் ஏறும். ஒரு காரணம் உள்ளூர்க்காரர்கள், கொக்கோவின் பெரிய அறுவடை அக்டோபரில் தொடங்குவதால் கிறிஸ்துமஸ் சமயத்தில் நாட்டுப்புறத்தில் கையில் காசு புழங்கும். இன்னொரு காரணம் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள். 1619இல் வர்ஜீனியாவில் முதல் ஆப்பிரிக்க அடிமைகள் இறக்கப்பட்டு 400 ஆண்டு ஆனதை ஒட்டி 2019ஐத் திரும்பி வரும் ஆண்டு என்று கானா அறிவித்தது, அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் கறுப்பின மக்கள் திரண்டு வந்தார்கள், அதற்குப் பிறகு டிசம்பர் வந்தாலே அவர்கள் வருகை நிற்கவில்லை. இசை விழாக்கள், கடற்கரைப் பார்ட்டிகள் என்று மாதம் முழுக்க நடக்கும், 2017இல் அஃப்ரோசெல்லா என்று தொடங்கி இப்போது அஃப்ரோஃபியூச்சர் என்று நடக்கும் விழா அதில் பெயர் பெற்றது. உங்களுக்கு விருப்பமிருந்தால் போங்கள், ஆனால் டிக்கெட் விலை டாலரில் சம்பாதிப்பவர்களை மனதில் வைத்துப் போடப்பட்டது. டாக்ஸி ஆப்களில் கட்டணம் ராத்திரியில் பலமடங்கு காட்டும். டெட்டே குவார்ஷி சந்திப்பிலும் ஸ்பின்டெக்ஸ் ரோட்டிலும் சாயங்காலத்தில் மாட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். சாமான் வாங்குவதையெல்லாம் 20க்கு முன் காலை நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். சட்டை தைக்கக் கொடுப்பதாக இருந்தால் டிசம்பர் ஆரம்பத்திலேயே மக்கோலா சந்தையில் துணி எடுத்துக் கொடுத்துவிடுங்கள், பிறகு எந்தத் தையல்காரரும் கையில் வாங்கமாட்டார். அங்கத்திய அச்சுத் துணியில் ஒரு சட்டை தைத்து 25 அன்று போட்டுக்கொண்டு போனால் சர்ச்சில் உங்களைப் பார்ப்பவர்களுக்கே ஒரு சந்தோஷம்.

வானிலை பற்றி: குளிர் இருக்காது, பகலில் 32, 33 டிகிரி. ஆனால் சகாராவிலிருந்து ஹார்மட்டான் என்ற வறண்ட காற்று இறங்கினால் வானம் முழுக்கத் தூசு மூட்டமாகி உதடும் குதிகாலும் வெடித்துவிடும். சந்தையில் ஷியா வெண்ணெய் மலிவாகக் கிடைக்கும், தடவிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலரை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

26ஆம் தேதி லபாடி கடற்கரையில் ஊரே கூடும். போய் உட்காருங்கள், வறுத்த வாழையோ மீனோ வாங்கிச் சாப்பிடுங்கள், தண்ணீரில் மட்டும் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். அக்ரா கடலின் இழுப்பு பொல்லாதது, நீச்சல் தெரிந்தவர்களையும் உள்ளே கொண்டுபோயிருக்கிறது.

31 ராத்திரி, என்னைக் கேட்டால், அக்ராவில் கிறிஸ்துமஸைவிடப் பெரியது. வருடம் மாறும் நேரத்தில் எல்லாரும் சர்ச்சில் இருக்க வேண்டும் என்பது அங்கே மதத்தைத் தாண்டிய பழக்கம் மாதிரி ஆகிவிட்டது, பெரிய சபைகள் மைதானங்களைப் பிடித்து நடத்தும், வெள்ளை உடையில் ஜனங்கள் நிரம்பி வழிவார்கள். அந்த ராத்திரியில் அடுத்த வருடம் யாருக்கு என்ன ஆகும் என்று தீர்க்கதரிசனம் சொல்லும் பாஸ்டர்கள் உண்டு. யார் சாவார், எங்கே விபத்து என்று ஜனங்களைப் பயமுறுத்துவது எல்லை மீறிப்போய், 2021 டிசம்பர் கடைசியில் கானா போலீஸே அப்படிப் பீதி கிளப்பினால் சட்டம் பாயும் என்று எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. நீங்கள் உங்கள் சபைக்கு நெருக்கமான ஒரு இடமாகப் பார்த்துப் போங்கள், வாகனம் கிடைக்காது என்பதால் திரும்பி வர யாரோடு வருவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவையும் உண்டு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள், பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். அந்த மஞ்சள் அட்டை திரும்பி வரும்போது இந்தியாவிலும் கேட்பார்கள், தொலைத்துவிடாதீர்கள். மலேரியாவை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிசம்பர் மழையில்லாத மாதம், கொசு குறைவு, ஆனால் இல்லை என்று அர்த்தமில்லை. காய்ச்சல் வந்தால் பண்டிகை நாள் என்று பார்க்காமல் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அதற்காக விடுமுறையிலும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது என்று 24க்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் முறுக்கு அச்சு, ஒரு வேட்டி, மடக்கி வைக்கக்கூடிய காகித ஸ்டார் ஒன்று. வேட்டி எதற்கென்றால், அங்கே பெரியவர்கள் விசேஷ நாளில் துணியைத் தோளில் சுற்றிப் போர்த்திக்கொண்டு வருவார்கள், நீங்கள் வேட்டி கட்டிப்போனால் அவர்களுக்கு அதைப் பற்றிக் கேட்க நிறைய இருக்கும்.

புத்தாண்டு அன்று உடம்பில் தெம்பிருந்தால் அக்ராவுக்கு மேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் வின்னெபாவுக்குப் போய்வாருங்கள். ஜனவரி 1ஆம் தேதி அங்கே முகமூடிக் குழுக்களின் போட்டி, வண்ண வண்ண உடையில், பித்தளை பேண்ட் வாசிக்க, சிலர் உயரமான கட்டைக்கால்களில் நின்றுகூட ஆடுவார்கள். கனேஷியில் காலையிலேயே வண்டி ஏறிவிடுங்கள், ராத்திரி ஆராதனை முடிந்து ஊரே தூங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் ரோடு காலியாக இருக்கும்.